புதுக்கோட்டைக் காற்று ஏலத்திற்கு!

மண்ணுக்கு வரி கேட்டார்கள் மன்னர்கள். உப்புக்கு வரி கேட்டான் வெள்ளையன். "இனி என்ன, காற்றுக்கும் விலை கேட்பார்களோ!" என்று வேடிக்கையாகப் பேசுவது நம் ஊர்ப் பக்கத்து வழக்கம். வேடிக்கை மெய்யாகிவிட்டது தோழர்களே! 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் டில்லியிலே கூடிய மத்திய அமைச்சரவை, நாடெங்கும் 234 புதிய ஊர்களிலே 730 பண்பலை அலைவரிசைகளை ஏலத்தில் விட ஒப்புதல் அளித்தது. அடிப்படை விலை 784 கோடியே 87 லட்சம் ரூபாய். சராசரி போட்டுப் பார்த்தால் ஒரு அலைவரிசை ஒரு கோடியே ஏழரை லட்சம்! அதற்கு மேல் ஆண்டுதோறும் மொத்த வருவாயிலே நூற்றுக்கு நான்கு வீதம் சர்க்காருக்குக் கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு அந்தப் பட்டியலிலே 11 ஊர்கள். குன்னூர், திண்டுக்கல், காரைக்குடி, கரூர், நாகர்கோவில், நெய்வேலி, இராசபாளையம், தஞ்சை, திருவண்ணாமலை, வாணியம்பாடி — இவற்றோடு நம் புதுக்கோட்டையும். ஊருக்கு மூன்று வீதம் 33 அலைவரிசைகள்.

"பாட்டுப் போடுகிற நிலையம் ஒன்று வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? கைப்பேசியிலே இல்லாத பாட்டா?" என்று கேட்பார் தேநீர்க் கடைத் தோழர். "வரட்டுமே! நம் கடைக்கு விளம்பரம் கொடுக்கத் திருச்சிக்கு ஓட வேண்டாமே!" என்பார் கீழராச வீதி வணிகர். "வேலை கிடைக்குமா அண்ணே? எனக்கு நன்றாகப் பேச வரும்" என்பான் கல்லூரியை முடித்துவிட்டு வீட்டிலே உட்கார்ந்திருக்கும் தம்பி. மூவர் கேள்வியும் நியாயமான கேள்விதான். ஆனால் மூவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பதற்கு முன்னால், இந்தப் பாட்டு நம் காதுக்கு வந்து சேர்ந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

தமிழகத்திலே முதன்முதல் வானொலி நடத்தியது சர்க்கார் அல்ல. 1924இலே சென்னையில் ஆர்வலர்கள் சிலர் கூடிக் கழகம் ஒன்று அமைத்து ஒலிபரப்பினார்கள். பணம் தீர்ந்தது, 1927இலே கடை கட்டினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற கருவியை எடுத்து 1930இலே ஒலிபரப்பத் தொடங்கியது எது தெரியுமா? சென்னை மாநகராட்சி! குப்பை அள்ளுவதும் குழாயில் தண்ணீர் விடுவதும் போலப் பாட்டுப் போடுவதும் நகராட்சியின் வேலைதான் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள். கடற்கரையிலும் பூங்காவிலும் ஒலிபெருக்கி வைத்து, காசில்லாதவனும் கேட்கட்டும் என்றார்கள். 1938இலே அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது. மறு ஆண்டு, 1939 மே 16ஆம் நாள், திருச்சி நிலையம் பிறந்தது.

புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். தனி மன்னர், தனிச் சட்டம், தனக்கென்று அம்மன் காசு. அம்மன் காசு செல்லுகிற எல்லையோடு மன்னரின் ஆணையும் நின்றுவிடும். திருச்சி நிலையத்தின் ஒலிக்கு அந்த எல்லை தெரியாது. சுங்கச் சாவடியில் நிற்காமல், சமஸ்தானத்து அனுமதி கேட்காமல், நேரே உள்ளே நுழைந்தது. 1948 மார்ச்சிலே சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி மாவட்டத்திலே சேர்ந்தது. 1974இலே தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஒலியிலே மட்டும் புதுக்கோட்டை திருச்சியை விட்டுப் பிரியவேயில்லை.

அந்தத் திருச்சி நிலையம் செய்த நன்மையை நாம் மறைக்கமாட்டோம். 1960களின் நடுவிலே ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது. வானொலியிலே கேட்டுக் கேட்டு உழவர்கள் அதை விதைத்தார்கள். எண்ணும் எழுத்தும் கலந்த அந்தப் பெயர் வாயிலே நுழையவில்லை. "ரேடியோ நெல்" என்று தாங்களே பெயர் வைத்துவிட்டார்கள்! காவிரிப் படுகையிலே ஒரு பயிருக்கு வானொலியின் பெயர் வந்தது என்றால், அந்தப் பெட்டி வயலிலே எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்!

ஆனால் அதே வானொலி பாட்டு விஷயத்திலே என்ன செய்தது? 1952 முதல் பத்தாண்டுகள் அந்தத் துறைக்கு அமைச்சராக இருந்தவர் பி.வி. கேஸ்கர். திரைப்பாடல் மட்டமானது, மக்கள் காதைக் கெடுப்பது என்பது அவர் துணிபு. வானொலியிலே அதற்கு இடம் சுருங்கிற்று. ஆர்மோனியத்தின் கதை அதற்கும் முந்தியது. இசை நாடகக் கொட்டகையின் உயிர்மூச்சு அந்தப் பெட்டி! 1940இலே அதை வானொலியிலிருந்து விலக்கியவர்கள் 1971 வரை உள்ளே விடவில்லை. புதுக்கோட்டையின் பெயரைத் தமிழகம் முழுவதும் கொண்டுபோனவர் பி.யூ. சின்னப்பா — அந்த "பூ"வன்னாவே புதுக்கோட்டையின் "பு"தான். நாடகக் கொட்டகையிலே வளர்ந்த குரல். "உத்தமபுத்திரன்", "கண்ணகி", "ஜகதலப்ரதாபன்" என்று வெள்ளித்திரையிலே முழங்கிய குரல். ஆர்மோனியச் சுருதியிலே பழகிய அந்தக் குரலின் பரம்பரைக்கு, "உன் பெட்டியை வாசலிலே வைத்துவிட்டு வா" என்றது வானொலி.

மக்கள் என்ன செய்தார்கள்? மறியல் செய்யவில்லை, மனு எழுதவில்லை. வானொலிப் பெட்டியின் திருகைச் சற்றே திருப்பினார்கள். கொழும்பு கிடைத்தது!

இலங்கை வானொலியின் வர்த்தகச் சேவை 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தொடங்கியது. போர்க்காலத்தில் வெள்ளையர் படைக்காக நிறுவிய வலிமை மிக்க ஒலிபரப்புக் கருவி, போர் முடிந்ததும் அந்தத் தீவின் கைக்கு வந்தது. படைவீரனுக்காக வைத்த கருவியிலே பாட்டு வந்தது. பாட்டோடு பல்பொடியும் சோப்பும் வந்தன. டில்லி தள்ளியதைக் கொழும்பு அள்ளியது. எஸ்.பி. மயில்வாகனன் பேசினால் தமிழகத்துத் தெருக்கள் நின்று கேட்டன. பின்னாளிலே கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது — ஊரிலே ஒருவரும் இவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. குரலைக் கேட்டால் குழந்தையும் பெயர் சொல்லும். "பொங்கும் பூம்புனல்" காலையின் அடையாளமாயிற்று.

புதுக்கோட்டைக்கு இது தொலைவூர்ச் செய்தி அல்ல. கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் மணமேல்குடியும் மீமிசலும் நம் மாவட்டத்துக் கடற்கரை. எதிர்க்கரை யாழ்ப்பாணம். மத்திய அலை கடல்மேல் தடையின்றி வரும்; நள்ளிரவில் இன்னும் தெளிவாக வரும். சென்னையிலிருந்து வருகிற பாட்டைவிடக் கொழும்பிலிருந்து வருகிற பாட்டு இந்தக் கரைக்கு நெருக்கமாக இருந்தது என்றால் வியப்பில்லை.

டில்லி விழித்துக்கொண்டது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் "விவித பாரதி" தொடங்கினார்கள். கேஸ்கர் அமைச்சராக இருக்கும்போதே, அவர் பழித்த திரைப்பாடலையே ஒலிபரப்பினார்கள்! பத்தாண்டு கழித்து 1967இலே விளம்பரத்துக்கும் வழிவிட்டார்கள். மக்களின் காது வென்றது. மந்திரியின் மூக்கு தோற்றது.

(பெயரைப் பற்றி ஒரு சொல். "ஆல் இந்தியா ரேடியோ" என்ற பெயரை விடுத்து "ஆகாசவாணி" என்றே சொல்ல வேண்டுமென்று 2023 மே மாதத்திலே மீண்டும் ஆணை பிறந்தது. வானத்தின் ஒலிக்கு "வானொலி" என்று தமிழன் பெயர் வைத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நாங்கள் பெயர் வைத்த பிறகு, எதிர்வீட்டுக்காரர் தொட்டிலைத் தேடி வருவானேன்?)

இனி, பண்பலை. ஆர்ம்ஸ்டிராங் என்ற அமெரிக்கர் 1933இலே காப்புரிமை பெற்ற முறை இது. மின்னல் வெட்டினாலும் இரைச்சல் வராது. வீணையின் நரம்பு அதிர்வதுகூடக் கேட்கும். ஆனால் ஒரு குறை உண்டு: நெடுந்தொலைவு போகாது. கோபுரத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் எவ்வளவு தூரம் தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் எல்லை. ஆகையால்தான் இது ஊருக்கு ஊர் வேண்டியிருக்கிறது. கொழும்பு மத்திய அலையைப்போல ஒரு நிலையம் நாட்டையே ஆள முடியாது. ஊர் நிலையமாக இருப்பது பண்பலையின் பிறவிக் குணம். இதை மறவாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

1977 ஜூலையிலே சென்னையிலே முதல் பண்பலை ஒலித்தது. நாட்டிலேயே அதுதான் முதல்! 1993 முதல் பெருநகரங்களிலே நேரத்தைத் துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்றுப் பார்த்தார்கள், 1998இலே நிறுத்திக்கொண்டார்கள். இடையிலே, 1995 பிப்ரவரியிலே, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. கிரிக்கெட் ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்ற வழக்கு. ஆனால் நீதிபதிகள் எட்டிப் பிடித்தது பெரிய உண்மை: அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து, சர்க்காரின் தனியுடைமையும் அல்ல, பணக்காரரின் தனியுடைமையும் அல்ல.

பொதுச் சொத்து என்று நீதிமன்றம் சொன்னது. பொது ஏலம் என்று சர்க்கார் புரிந்துகொண்டது! முதல் கட்டமாக 108 அலைவரிசைகளை 40 நகரங்களிலே கூவி விற்றார்கள். போட்டியிலே விலையை ஏற்றியவர்கள் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: ஆண்டுக்கு ஆண்டு நூற்றுக்குப் பதினைந்து வீதம் கட்டணம் ஏறும், பாட்டு விளம்பரம் அவ்வளவு கொடுக்குமா? ஓடியவர் பலர், நின்றவர் சிலர். இருபதுக்குச் சற்று மேலான நிலையங்களே உயிர் பெற்றன. 2001 ஜூலையிலே பெங்களூரிலே முதல் தனியார் நிலையம். தமிழகத்திலே சென்னை, கோவை, நெல்லை மூன்றோடு சரி. அதிலும் தலைநகர் சென்னைக்கே 2003 வரை காத்திருக்க நேர்ந்தது.

2005இலே புத்தி வந்தது. ஏறிக்கொண்டே போகும் கட்டணத்தை விட்டு, வருவாயிலே நூற்றுக்கு நான்கு என்று மாற்றினார்கள். அந்த இரண்டாம் கட்டத்திலேதான் திருச்சிக்குத் தனியார் பண்பலை வந்தது: சன் குழுமத்தின் சூரியன், தினத்தந்தி குழுமத்தின் ஹலோ. சர்க்காரின் ரெயின்போ 102.1இலே ஒலிக்கிறது. கோடைக்கானல் மலையுச்சியிலிருந்து 100.5இலே கோடைப் பண்பலை — மலை உயரம், ஆகவே அதன் கை நீளம்.

புதுக்கோட்டைக்கு? திருச்சியிலிருந்து சிந்துவது. விராலிமலைக்கும் கீரனூருக்கும் நல்ல பங்கு. அறந்தாங்கியைத் தாண்டிக் கடலோரம் போகப் போகத் தேய்ந்து தேய்ந்து இரைச்சலாகிறது. 2024இலே மாநகராட்சி என்ற பட்டம் பெற்ற ஊர், தன் பாட்டை அடுத்த வீட்டுச் சன்னல் வழியே கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே நிலையம் வேண்டும். வேண்டாம் என்பார் நம்மிலே இல்லை. இப்போது, மூவரும் கேட்காத கேள்வியைக் கேட்போம்: வரப்போகிற நிலையம் புதுக்கோட்டை நிலையமா, புதுக்கோட்டையில் உள்ள நிலையமா?

என்ன வேறுபாடு என்பீர்கள். 2011இலே வெளியான மூன்றாம் கட்டக் கொள்கையைப் படித்துப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் நாடு முழுவதும் தமக்குள் நிகழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ளலாம் என்கிறது அது. அதாவது, சென்னையிலே ஒருவர் பேசுவார். திருச்சியும் நெல்லையும் புதுக்கோட்டையும் ஒரே நேரத்தில் கேட்கும். இங்கே ஒரு கோபுரம், ஒரு கருவி, காவலுக்கு ஓர் ஆள். விளம்பரம் மட்டும் உள்ளூரில் வசூலாகும்! கீழராச வீதிக் காசு சென்னைக்குப் போகும்; சென்னை வேளச்சேரியின் போக்குவரத்து நெரிசல் பொன்னமராவதிக்கு வரும். ஊர் நிலையமாகப் பிறந்த பண்பலையை, கொழும்பு மத்திய அலையின் வேலைக்கு — கொழும்பின் அன்பு இல்லாமல் — வைத்துக்கொள்வார்கள். தம்பி, நன்றாகப் பேச வரும் என்றாயே, உனக்கு அங்கே என்ன வேலை இருக்கும் என்று இப்போது கணக்குப் போட்டுக்கொள்.

முதலாளியையே பழிப்பது நம் நோக்கமல்ல. சிறிய ஊரிலே விளம்பரம் சிறியது. செலவைக் குறைக்கத்தான் பார்ப்பான். ஒரு கோடிக்கு மேலே கேட்டு விற்பவன், வாங்கியவன் ஊர்த்தொண்டு செய்ய வேண்டுமென்று எதிர்பார்ப்பது எப்படி? விலையைக் குறை, உள்ளூர் நிகழ்ச்சிக்கு நேரம் இவ்வளவு என்று நிபந்தனையிலே எழுது — இதுவன்றோ முறை!

உள்ளூரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறோம். குடுமியான்மலைப் பாறையிலே ஏழாம் நூற்றாண்டிலே இசை இலக்கணத்தை வெட்டி வைத்திருக்கிற மாவட்டம் இது. உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மான்பூண்டியா பிள்ளையின் ஊர் இது. அவர் மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை கைவைத்தால் மிருதங்கமும் கஞ்சிராவும் ஒருங்கே பணிந்தன. திருவிழா வந்தால் விடிய விடிய வள்ளி திருமணம். ஆர்மோனியக்காரர் முன்வரிசையிலே உட்கார்ந்திருக்க, நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்தைக் கேட்க, மறுநாள் வேலையை மறந்து மக்கள் குந்தியிருக்கிறார்கள். தச்சங்குறிச்சியிலே வாடிவாசல் திறந்தால் மாவட்டமே திமிறுகிறது. நடவுப் பாட்டு பாடத் தெரிந்த தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் குரல்களை ஒருமுறை பதிந்து வைத்தால் ஒரு நிலையத்துக்குப் பல ஆண்டுச் சரக்கு! மூன்று நிலையங்களிலும் ஒரே புதுப்படப் பாட்டு மூன்று வேளையும் சுற்றுவதற்காகவா மூன்று அலைவரிசை?

பாட்டை விடுங்கள். பேச்சுக்கு வருவோம். தனியார் பண்பலை தன் சொந்தச் செய்தியை ஒலிபரப்பக்கூடாது! அச்சுப் பத்திரிகைக்கு உண்டு, தொலைக்காட்சிக்கு உண்டு, கைப்பேசி வைத்திருக்கிற எவனுக்கும் உண்டு, பண்பலைக்கு மட்டும் இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் திருப்பி ஒலிக்கலாம் என்று 2019இலே சலுகை தந்தார்கள். மணிக்குப் பத்து நிமிடம் செய்தி சொல்ல விடுங்கள் என்று 2023இலே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே பரிந்துரைத்தது.

இதன் பொருள் என்ன? 2022 டிசம்பரிலே, நம் மாவட்டத்து வேங்கைவயலிலே, ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியிலே மலம் கலந்த கொடுமை நடந்தது. நாடே கூசியது. அன்று புதுக்கோட்டையிலே தனியார் நிலையம் ஒன்று இருந்திருந்தால்? இருபது கல் தொலைவிலே நடந்த அந்தக் கொடுமையைப் பற்றி அது தன் வாயால் ஒரு செய்தி சொல்ல முடியாது. அடுத்த பாட்டு, அடுத்த விளம்பரம், மீண்டும் பாட்டு! நாட்டிலுள்ள அத்தனை பேரும் பேசிக்கொண்டிருக்க, ஊரிலுள்ள நிலையம் மட்டும் ஊமை!

கடலோரத்தைப் பாருங்கள். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகு புறப்படுகிறது. எல்லை தாண்டினான் என்று இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. படகு போகிறது, ஆள் சிறைக்குப் போகிறான். ஒருமுறை இருமுறை அல்ல, ஆண்டுதோறும் நடக்கிறது. எந்தக் கடல்மேல் ஒருகாலத்தில் "பொங்கும் பூம்புனல்" வந்ததோ, அதே கடல்மேல்! பிடிபட்டவர் யார், எந்தப் படகு என்று கரையிலே நிற்கிற தாய்க்கு முதலில் சொல்ல வேண்டியவன் யார்? ஊர் நிலையம். சட்டம் அவன் வாயைக் கட்டியிருக்கிறது.

முழுக்கக் கட்டவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர், இயற்கைப் பேரிடர், தேர்வு முடிவு — இவை செய்தி ஆகா, சொல்லலாம் என்று 2011 கொள்கையே இடம் தந்திருக்கிறது. அந்தச் சிறிய வாசல் எவ்வளவு பெரியது என்று 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையைக் கடந்து வந்தவர்களைக் கேளுங்கள். கசா புயல்! கீரமங்கலத்திலும் வடகாட்டிலும் கொத்தமங்கலத்திலும் பிள்ளைபோல் வளர்த்த தென்னை வேரோடு சாய்ந்தது; பலா முறிந்தது; மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன; கைப்பேசிக் கோபுரங்கள் மூச்சடங்கின. நாள்கணக்கில் இருட்டு. அந்த இருட்டிலே இரண்டு பேட்டரி போட்ட பெட்டி ஒன்றுதான் பேசக்கூடியது. தண்ணீர் வண்டி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு, நிவாரணம் எந்தப் பள்ளியிலே, எந்தச் சாலை திறந்தது — திருச்சி நிலையம் தெருவின் பெயர்வரை சொல்லுமா? சென்னையிலிருந்து பேசுகிறவருக்குச் சேந்தன்குடி தெரியுமா?

செய்ய முடியும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. பாம்பன் தீவிலே 2016இலே "கடல் ஓசை" என்ற சமூக வானொலி, 90.4 அலைவரிசையிலே, மீனவர்களுக்காகத் தொடங்கியது. காற்றின் வேகமும் அலையின் உயரமும் அங்கே நிகழ்ச்சி. கோடி ரூபாய் ஏலம் இல்லை. கருவியின் ஆற்றலும் சிறிது, சில கல் தொலைவே எட்டும். சமூக வானொலிக்குக் கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம் என்று 2006 முதல் விதி இருக்கிறது. மாவட்டத்துக் கடற்கரையிலே இப்படி ஒன்றுக்கு மனுப்போட ஏலத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. இதைத் தோழர்கள் மணமேல்குடிப் பக்கம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

வணிக நிலையத்துக்கு வருகிறவரிடம் நாம் கேட்பது பெரிதல்ல. அறிவிப்பாளர் இந்த மாவட்டத்துப் பிள்ளையாக இருக்கட்டும். காலையிலே ஒரு மணி, மாலையிலே ஒரு மணி, இங்கே உட்கார்ந்து இங்கே உள்ளதைப் பேசட்டும். கோபுரத்தின் உயரத்தைக் கணக்கிடும்போது நகரத்து வணிகத்தை மட்டும் அளக்காமல் கடற்கரை வரை எட்டுமா என்றும் பார்க்கட்டும். டில்லியிடம் கேட்பதுதான் பெரிது: ஊரின் செய்தியை ஊரின் நிலையம் சொல்ல விடு.

ஒப்பந்தம் 15 ஆண்டுக்கு. ஒருமுறை எழுதிவிட்டால், இன்றைக்குப் பள்ளியிலே சேருகிற பிள்ளை கல்லூரி முடிக்கும் வரை அதே விதிதான். அமைச்சரவை ஒப்புதலோடு வெளியிட்ட பட்டியலை நாம் எடுத்துப் பார்த்தோம். வேங்கைவயலும் ஜெகதாப்பட்டினமும் கீரமங்கலமும் அதிலே கிடையாது. ஊரின் பெயர், அதன் எதிரே ஓர் எண்: புதுக்கோட்டை — 3.